பட்டை போட்ட சின்னப் பாம்பு: கட்டுவிரியன் குட்டியா, வெள்ளிக்கோல் வரையனா?

12 அக்டோபர் 2024, இரவு 10.20 (வாசகர் கேள்வி)

திண்டிவனத்தை ஒட்டிய கிராமத்தில் எங்களுடையது ஓட்டு வீடு. இன்று விளக்கு வைத்த பிறகு குளியலறைச் சுவரோரத்தில் ஒரு சிறிய பாம்பு கிடந்தது. சுண்டுவிரல் பருமன், ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், கறுப்பா பழுப்பா என்று சொல்ல முடியாத நிறம், குறுக்கே வெள்ளைப் பட்டைகள். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தவுடன் கட்டுவிரியன் குட்டி என்றார். என் மைத்துனர், பல்லி பிடிக்க வரும் விஷமில்லாத பாம்பு என்று சாதிக்கிறார். துடைப்பத்தால் தள்ளியதில் அது சாக்கடைக் குழிக்குள் போய்விட்டது. குழந்தைகள் தரையில் பாய் விரித்துப் படுக்கிறவர்கள். படம் இணைத்துள்ளேன். எந்தப் பாம்பு என்று சொல்லுங்கள்.

12 அக்டோபர், இரவு 11.05

குழந்தைகளை இன்றிரவே கட்டிலுக்கு மாற்றுங்கள். கட்டில் போதாதென்றால் பாயைச் சுற்றிக் கொசுவலையை இறக்கி, அதன் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகுங்கள். பாம்பின் பெயர் நாளைக்குத் தெரிந்தால் போதும்.

படத்தில் பாம்பின் தலை துடைப்பத்துக்கு அடியில் இருக்கிறது, வால் குழிக்குள் இருக்கிறது. கைப்பேசி வெளிச்சம் ஈரத்தரையில் பட்டுத் தெறித்ததால் நடுவுடலின் நிறமும் நம்பத்தக்கதாக இல்லை. இதை வைத்துக்கொண்டு கட்டுவிரியன் என்று உறுதியாகச் சொல்பவருக்கும் எனக்கும் பெரிய தகராறு இல்லை. விஷமில்லாதது என்று உறுதியாகச் சொல்பவரோடுதான் தகராறு. முதலாமவர் தவறினால் ஒரு பாம்பு வீணாக அடிபடும். இரண்டாமவர் தவறினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

13 அக்டோபர், காலை 7.30

நிதானமாக எழுதுகிறேன்.

வடதமிழ்நாட்டில் வீட்டுக்குள் வரும், குறுக்குப் பட்டை போட்ட சிறிய பாம்பு என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை இரண்டு. ஒன்று கட்டுவிரியன். சில ஊர்களில் இதை எண்ணெய் விரியன் என்றும், கடிபட்டவர் எட்டடி நடப்பதற்குள் விழுந்துவிடுவார் என்ற நம்பிக்கையால் எட்டடி விரியன் என்றும் சொல்வார்கள். மற்றொன்று வெள்ளிக்கோல் வரையன். இது ஓநாய்ப் பாம்பு என்ற பெயரிலும் வழங்குகிறது; விஷமற்றது. பல்லியும் அரணையும் இதன் முதன்மை உணவு என்பதால், பல்லி உள்ள வீட்டை இது விட்டுவைப்பதில்லை. இரண்டுமே இரவில் நடமாடுபவை. இரண்டுமே பகலில் சீண்டினால் உடலைச் சுருட்டித் தலையை உள்ளே மறைத்துக்கொள்ளும். ஆகவே 'சாதுவாகச் சுருண்டு கிடந்தது, கடிக்கவே வரவில்லை' என்பது எந்தப் பக்கத்துக்கும் சான்றாகாது. உண்மையில், கையில் பிடித்தால் முந்திக்கொண்டு கடிப்பது பெரும்பாலும் ஓநாய்ப் பாம்புதான்.

பட்டைகளைப் பற்றி எல்லோரும் சொல்லும் விதி இது. கட்டுவிரியனுக்குக் கழுத்தருகே பட்டை இராது, அல்லது மங்கலாக இருக்கும். சற்றுப் பின்னால் தொடங்கி வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். மெல்லிய வெண்கோடுகள் பல இடங்களில் இரண்டிரண்டாகச் சேர்ந்திருக்கும். ஓநாய்ப் பாம்புக்கு நேர்மாறாக, கழுத்தில் ஒரு அகலமான பட்டை காலர் போலத் தொடங்கும்; அடுத்தடுத்த பட்டைகள் விலாப்பக்கம் இறங்கும்போது விரிந்து முக்கோணமாகும்; வாலுக்கு முன்பே தேய்ந்து மறைந்துவிடும். பட்டைகளுக்கு இடைப்பட்ட உடல் நிறம் கட்டுவிரியனில் நீலம் ஓடும் பளபளப்பான கறுப்பு, ஓநாய்ப் பாம்பில் பழுப்பு அல்லது காப்பிக்கொட்டை நிறம்.

13 அக்டோபர், மாலை 6.15

காலையில் எழுதிய விதியை நம்பி ஒருவர் அதற்குள் தீர்ப்பே வழங்கிவிட்டார். 'படத்தில் பட்டை முன்பக்கம் வரை வருகிறது, ஆகவே ஓநாய்ப் பாம்பு' என்கிறார். கொஞ்சம் பொறுங்கள். அந்த விதி வளர்ந்த பாம்புகளுக்குத்தான் நன்றாகப் பொருந்தும். ஒரு மீட்டரைத் தாண்டிய கட்டுவிரியனை யாரும் ஓநாய்ப் பாம்பு என்று நினைக்கப்போவதில்லை; ஓநாய்ப் பாம்பு பெரும்பாலும் அரை மீட்டரோடு நின்றுவிடும். குழப்பம் எல்லாம் ஒரு முழத்துக்குள் அடங்கும் குட்டிகளில்தான் வருகிறது. கட்டுவிரியன் குட்டிகளுக்குப் பட்டைகள் பளிச்சென்று இருப்பதோடு கழுத்துக்கு மிக அருகிலிருந்தே தொடங்குவதும் உண்டு. முன்பகுதியில் அவை நடுமுதுகில் வெறும் வெள்ளைப் புள்ளிகளாக நிற்பதும் உண்டு. வயதாக ஆக முன்பட்டைகள் மங்குகின்றன. எந்த அளவுப் பாம்புக்கு இந்த விதி மிகவும் தேவைப்படுகிறதோ, அந்த அளவில்தான் அது கைவிடுகிறது.

ஆகவே குட்டியைப் பார்த்தால் கழுத்தை விட்டுவிட்டு வாலைப் பாருங்கள். வால் நுனி வரை பட்டை தெளிவாக ஓடினால் கட்டுவிரியன் என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

13 அக்டோபர், இரவு 9.50

'அது என்னை முறைத்துப் பார்த்தது, விஷப்பாம்புதான் அப்படிப் பார்க்கும்' என்பவருக்கு: பாம்புக்கு இமை கிடையாது. அதற்கு முறைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை.

15 அக்டோபர், காலை 6.40

வால் பற்றிச் சொன்னதற்கு ஓர் ஒட்டு எழுத வேண்டியிருக்கிறது. ஓநாய்ப் பாம்பின் நெருங்கிய உறவான வரி ஓநாய்ப் பாம்பு ஒன்று நம் பகுதியில் உண்டு. அளவில் இன்னும் சிறியது; நிறமும் கறுப்பு, பட்டையும் வெள்ளை. முன்பகுதியில் பட்டைகள் அகலமாகவும் இடைவெளி விட்டும் இருக்கும். பின்னால் போகப் போக நெருங்கும். ஆனால் வால் வரை தொடரும். இதைக் கட்டுவிரியன் குட்டி என்று நினைத்து அடிப்பவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. வாலில் பட்டை இருக்கிறது என்பதால் அது கட்டுவிரியன்தான் என்று முடிவாகிவிடாது. வாலில் பட்டை இல்லை, கழுத்தில் மட்டும் அகலமாக இருக்கிறது என்றால் அது வெள்ளிக்கோல் வரையன் என்பதற்குத்தான் அந்தச் சோதனை உதவும். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2018இல் தென்னிந்திய ஓநாய்ப் பாம்புகளை மறுஆய்வு செய்து, ஒரே இனமாக எண்ணப்பட்டதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டுமே விஷமற்றவை, வீட்டுக்காரருக்கு அந்த வேறுபாடு தேவைப்படாது.

16 அக்டோபர், இரவு 8.30

கேள்வி கேட்டவர் புதிய படங்கள் அனுப்பியிருக்கிறார். நேற்றிரவு அதே அளவுள்ள பாம்பு சமையலறையின் பூசாத செங்கல் சுவரில் ஏறி உத்திரத்தை நோக்கிப் போயிருக்கிறது. இந்த முறை டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்திருக்கிறார். இதற்கு முன்பு வந்த படங்களில் பாதிக்கு மேல் பயனற்றுப் போனதற்குக் கைப்பேசியின் நேர் ஒளியே காரணம்; அது ஈரமான பழுப்புப் பாம்பையும் கறுப்பாக்கிவிடும். செங்கல் பக்கத்தில் இருப்பதால் அளவும் தெரிகிறது. வீட்டுக்குள் என்றால் தரையில் பதித்த ஓடு (டைல்) அதைவிட நல்ல அளவுகோல். இரண்டடி ஓட்டில் பாம்பு எத்தனை பங்கு நீண்டிருக்கிறது என்று பார்த்தால், பயத்தில் இரட்டிப்பாகும் நீளம் சரியான அளவுக்கு இறங்கிவிடும்.

படத்தில் நான் காண்பது: தலை தட்டையாகவும் கழுத்தைவிடச் சற்று அகலமாகவும் இருக்கிறது, மூக்கு நுனி அமுங்கியிருக்கிறது. கட்டுவிரியனின் தலை உருண்டு, கழுத்தோடு ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும். கழுத்துப் பட்டை எல்லாவற்றிலும் அகலமானது. விலாப்பக்கத்தில் பட்டைகள் பிளந்து, உள்ளே பழுப்புப் பொடி தூவியதுபோல் கறை படிந்திருக்கின்றன. உடலின் பின் மூன்றிலொரு பங்கில் பட்டையே இல்லை. சுவரில் ஏறியதும் ஓநாய்ப் பாம்பின் பக்கம் சாய்க்கும் குறிப்புத்தான். ஆனால் அது வெறும் சாய்வு. கூரை வேய்ந்த வீடுகளில் கட்டுவிரியனும் மேலே ஏறியிருக்கிறது.

இது வெள்ளிக்கோல் வரையன். இந்தப் படத்துக்கு மட்டும் சொல்கிறேன். 12ஆம் தேதி குளியலறையில் கிடந்ததும் இதுதானா என்பதற்கு அந்தப் பழைய படம் இப்போதும் பதில் சொல்லவில்லை.

16 அக்டோபர், இரவு 10.10

மைத்துனர் வெற்றி விழா கொண்டாட வேண்டாம். சுவரில் ஏறிய பாம்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியாக இருந்தது. அவர் சொல்வதற்கு ஆதாரம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

20 அக்டோபர், பிற்பகல் 3.00

'பாம்பையே பார்க்கவில்லை, சட்டை மட்டும் கிடைத்தது, அதை வைத்துச் சொல்ல முடியுமா' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். முடியும். ஓடும் பாம்பைவிட உரித்த சட்டை எவ்வளவோ மேல். அதைப் பதறாமல் பார்க்கலாம், கிட்டத்தில் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம்.

செங்கல்பட்டுக்கு வெளியே ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் வீட்டில் சட்டைகள் அடிக்கடி கிடைக்கும். நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். காய்ந்த சட்டை விரலில் நொறுங்கும். ஆகவே வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவிட்டு, கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, சுருக்கம் நீக்கிக் காயவிடுகிறேன். பாம்பு வாய் ஓரத்திலிருந்து உட்புறம் வெளியாகத் திருப்பிக் கழற்றுவதால் தலைப்பகுதி கிழிந்தோ சுருண்டோ இருப்பது வழக்கம். கண் இருந்த இடத்தில் மெல்லிய, வட்டமான, கண்ணாடிச் சில்லு போன்ற மூடி ஒன்று இருக்கும். அதிலிருந்து தலை எந்தப் பக்கம் என்று கண்டுகொள்ளலாம். கழலும்போது இழுபடுவதால் சட்டை பாம்பைவிட நீளமாகவே இருக்கும். அதை அளந்துவிட்டு 'மூன்றடிப் பாம்பு' என்று ஊரைக் கூட்ட வேண்டாம். நிறம் அதில் அநேகமாக இராது. பட்டைகள் இருந்த இடம் மட்டும் சில சட்டைகளில் சற்று வெளுத்துத் தெரியும்.

கண்ணாடியைக் குழல்விளக்குக்கு எதிரே பிடித்து நடுமுதுகைப் பாருங்கள். முதுகெலும்புக்கு நேர்மேலே ஓடும் ஒற்றை வரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, ஆறு பக்கங்களோடு, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு தலை முதல் வால் வரை சங்கிலியாக இறங்கினால் அது கட்டுவிரியனின் அடையாளம். ஓநாய்ப் பாம்பில் நடு வரிசைக்கும் பக்க வரிசைக்கும் வேறுபாடே தெரியாது. எல்லாம் ஒரே அளவுச் சாய்சதுரங்கள்.

20 அக்டோபர், இரவு 9.15

மேலே சொன்ன அறுகோணச் செதில் ஒன்றைமட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது என்பதை அங்கேயே எழுதியிருக்கலாம். நடுவரிசைச் செதில் பெரிதாக உள்ள பாம்புகள் வேறும் உண்டு. கொம்பேறி மூக்கனுக்கும் அப்படித்தான். பூனைக்கண் பாம்புகளிலும் நடுவரிசை சற்றுப் பெரிது. ஆகவே இரண்டாவது இடம் ஒன்றையும் பார்க்க வேண்டும், அது வாலின் அடிப்பக்கம்.

வயிற்றில் அகலமான தட்டுச் செதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கழிவுத்துளையைத் தாண்டிய பிறகு வாலடியில் அவை என்ன ஆகின்றன என்று கவனியுங்கள். ஓநாய்ப் பாம்பு, கொம்பேறி மூக்கன், பூனைக்கண் பாம்பு ஆகியவற்றில் ஒவ்வொரு தட்டும் நடுவில் பிளந்து, இரண்டு வரிசையாகி, நடுக்கோடு வளைந்து வளைந்து செல்லும். கட்டுவிரியனில் பிளவு இராது. வால் முழுவதும் ஒற்றைத் தட்டுகள். முதுகில் அறுகோணச் சங்கிலி, வாலடியில் பிளவில்லாத தட்டு என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் நம் ஊரில் அது கட்டுவிரியன்.

கொம்பேறி மூக்கனைச் சொன்னதும், அது கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிகிறதா என்று பார்க்கும் என்ற கதையை யாராவது கொண்டுவருவார்கள். விஷமே இல்லாத பாம்பு அது. சுடுகாட்டில் காத்திருந்தால் ஓணான்தான் கிடைக்கும்.

23 அக்டோபர், இரவு 8.00

'பாம்பு பிடிக்கிறவர்கள் பார்த்த மாத்திரத்தில் சொல்கிறார்களே, நீங்கள் ஏன் செதில் எண்ணச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்கள்' என்ற கேள்விக்கு ஒரு நிகழ்வைப் பதிலாகச் சொல்கிறேன். கலிபோர்னியா அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்லோவின்ஸ்கி பாம்பியல் அறிஞர்; மியான்மரின் பாம்புகளைப் பற்றிப் பல ஆண்டுகள் உழைத்தவர். 2001 செப்டம்பர் 11 அன்று காலை, அந்நாட்டின் வடகோடிக் காட்டுப்பகுதியில், உதவியாளர் கொண்டுவந்த பைக்குள் அவர் கைவிட்டார். உள்ளே இருந்தது பட்டை போட்ட ஒரு குட்டி. ஓநாய்ப் பாம்பின் உறவான, விஷமற்ற இனம் ஒன்று என்று நினைக்கப்பட்டது. அது கட்டுவிரியன் இனத்துக் குட்டி. நகரமும் மருந்தும் எட்டாத தொலைவு, மழை. மூச்சுத் தசைகள் செயலிழந்த பிறகு உடனிருந்தவர்கள் மாறி மாறித் தங்கள் மூச்சை ஊதி அவரை மணிக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார்கள். மறுநாள் இறந்தார்.

அது நம் ஊர்க் கட்டுவிரியன் அல்ல, அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு பாம்பு. ஆனால் குழப்பம் அதே குழப்பம், அளவும் அதே ஒரு முழத்துக்குள்.

எங்கள் பக்கத்தில் கிணற்று வேலைக்கு வரும் இருளர் பெரியவர் ஒருவரிடம் எப்போது படம் காட்டினாலும், படத்தைப் பார்க்கும் முன்பே, 'எந்நேரத்துல பாத்தீங்க ஐயா, கீழயா மேலயா' என்று கேட்பார். பகலா இரவா, தரையா சுவரா, பக்கத்தில் எலிவளை உண்டா என்று அடுக்கிக் கேட்ட பிறகுதான் கைப்பேசியைக் கையில் வாங்குவார். வாங்கிய பிறகும் பல முறை 'இதுல தெரியல' என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் நாட்டின் விஷமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கை எடுத்துத் தருகிறது. அந்த மரபில் வந்தவர் தயங்கும் இடத்தில் நாம் தயங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

27 அக்டோபர், காலை 10.00

மற்ற சிறு பாம்புகளைப் பற்றிக் கேட்டவர்கள் பலர். ஒன்றிரண்டைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மழைநாளில் குளியலறை நீர்ப்போக்கி வழியாக வரும், மண்புழு போன்ற, பளபளக்கும் கறுப்புப் பழுப்பு உயிர் புழுப்பாம்பு. ஒரு சாணைத் தாண்டாது. உடலைச் சுற்றிலும் ஒரே அளவுச் செதில், கண் வெறும் புள்ளி. மண்புழுவுக்குள்ள வளையங்கள் இராது; நாக்கை நீட்டும். எறும்பு, கறையான் முட்டைகளைத் தின்பது. இந்த இனத்தில் எல்லாமே பெண். ஆண் துணை இல்லாமலே முட்டையிடும். பூந்தொட்டி மண்ணோடு உலகம் முழுவதும் பயணம் போயிருக்கிறது. காதுக்குள் புகும் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை.

பழுப்பு உடலில் கரும்பட்டைகள், தலையில் அம்புக்குறி அடுக்குகள் என்றால் எண்ணெய்ப்பனையன். விஷமற்றது. பட்டை கறுப்பா வெள்ளையா என்று முதலில் கேட்டுக்கொண்டாலே இதைக் கட்டுவிரியனோடு குழப்ப வேண்டி வராது.

சுருட்டை விரியனைத்தான் நான் இந்தப் பட்டியலில் அஞ்சுகிறேன். தென்மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் ஒரு முழத்துக்குள்ளேயே முழு வளர்ச்சி அடைந்துவிடும். 'குட்டிதானே' என்று யாரும் அலட்சியப்படுத்தும் அளவு. தலையில் பறவையின் காலடி போன்ற வெண்குறி, உடலை வளைத்துச் செதில்களை உரசி எழுப்பும் சரசரப்பு. அதேபோல் கண்ணாடி விரியன் குட்டிகளாகவே ஈனும். பிறந்த நாளிலேயே முதுகில் சங்கிலித் தடமும் வாயில் விஷமும் இருக்கும். நல்ல பாம்பின் குட்டியும் முட்டையிலிருந்து வந்தவுடன் படம் எடுக்கும், கடிக்கும். சின்னது என்பதற்கு விஷம் குறைவு என்று பொருள் இல்லை.

தலையை நசுக்கிவிட்டுப் படம் அனுப்பி, 'தலையில் என்ன குறி என்று பாருங்கள்' என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்ல? அடித்த பாம்பை வெறுங்கையால் தூக்கவும் வேண்டாம். செத்தது என்று நினைத்த தலையும் சிறிது நேரம் கடிக்கும்.

14 நவம்பர், இரவு 9.00

தமிழ்நாடு அரசு 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ் பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக இம்மாதம் சேர்த்திருக்கிறது. இனித் தனியார் மருத்துவமனைகளும் கடிகளையும் இறப்புகளையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்ற மதிப்பீடு 2020இல் வந்தது. ஆண்டுக்குச் சராசரி 58,000. அரசுக் கணக்குகளில் இதன் சிறு பகுதிதான் இதுவரை ஏறியது.

இதையொட்டி ஒருவர், 'கடித்த பாம்பை அடையாளம் காண்பதே முதல் வேலை' என்று எழுதியிருக்கிறார். நான் அடையாளம் காண்பதைப் பற்றியே இவ்வளவும் எழுதியவன், இருந்தும் மறுக்கிறேன். கடி நேர்ந்த பிறகு பாம்பைத் தேடுவது நேர விரயம். இரண்டாவது ஆளும் கடிபடுவதற்கு அதுவே வழி. இந்தியாவில் கிடைக்கும் விஷமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்தே தயாரிக்கப்படுவது. மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார். கட்டுவிரியன் கடியில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது, பல் பட்ட இடமே தெரியாமல் போகும். தரையில் படுத்தவர் விடியற்காலையில் வயிற்றுவலி, தொண்டை அடைப்பு என்று எழுந்து, இமையைத் திறக்க முடியாமல் தவித்தால் அதை வாயுக்கோளாறு என்று ஓமநீர் கொடுத்து உட்கார வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்.

வெள்ளிக்கோல் வரையன் என்று உறுதியாகத் தெரிந்த பாம்பு கடித்தாலும் மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பதே என் பரிந்துரை. கட்டுவிரியன் என்று நினைத்து இதற்கு விஷமுறி ஏற்றப்பட்டு, அதனால் ஒவ்வாமைக்கு ஆளானவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. அந்த முடிவை எடுக்க வேண்டியவர் படுக்கையருகே நிற்கும் மருத்துவர்; கைப்பேசியில் படம் பார்க்கும் நான் அல்ல.

15 நவம்பர், காலை 7.00

நேற்று எழுதியதைப் படித்த நண்பர், 'அப்படியானால் அடையாளம் காணும் இந்தக் கலை எதற்கு' என்கிறார். கடி நேர்வதற்கு முன்பு அது பயன்படும். எந்தப் பாம்பு வருகிறது என்று தெரிந்தால் எது அதை அழைக்கிறது என்று தெரியும். ஓநாய்ப் பாம்பு என்றால் விளக்கடியில் கூடும் பூச்சி, பூச்சிக்கு வரும் பல்லி. கட்டுவிரியன் என்றால் எலி, தவளை, அரணை, எல்லாவற்றுக்கும் மேலாகப் பிற பாம்புகள். கட்டுவிரியனின் இரைப்பட்டியலில் பாம்புக்கு முக்கிய இடம் உண்டு; அதன் குட்டிகள் புழுப்பாம்பைத் தின்னும். 'எங்கள் வீட்டில் ஓநாய்ப் பாம்புதான் இருக்கிறது, ஆகவே விரியன் வராது' என்று யாராவது நிம்மதி அடைந்திருந்தால் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

3 டிசம்பர், இரவு 7.45

ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு விழுப்புரம் பக்கமிருந்து படங்கள் குவிகின்றன. வெள்ளம் புகுந்த வீடுகளில் பெரும்பாலானவை தண்ணீர்ப் பாம்புகள். கண்ணுக்குக் கீழும் பின்னும் சாய்வாக இறங்கும் இரண்டு கறுப்புக் கோடுகள், உடலில் சதுரங்கக் கட்டம். ஆவேசமாகக் கடிக்கும், விஷமில்லை. நீர் வடிந்த வீட்டில் நனைந்த துணி மூட்டையை வெறுங்கையால் பிரிக்காதீர்கள். ஒரு கழியால் புரட்டிவிட்டுத் தொடுங்கள்.

8 டிசம்பர், மாலை 5.30

திண்டிவனத்து வாசகரின் வீட்டுக்குச் சேதம் இல்லை. புயலுக்குப் பிறகு பின்கட்டில் விறகை உலர்த்தப் பிரித்தபோது அடியில் ஒரு சட்டை கிடைத்திருக்கிறது. அக்டோபரில் சொன்னபடியே நனைத்து, கண்ணாடியில் விரித்து, விளக்குக்கு எதிரே வைத்து முதுகையும் வாலடியையும் தனித்தனியாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். இந்தப் பக்கத்தில் வந்ததிலேயே தெளிவான படங்கள் இவைதான். நடுமுதுகில் அறுகோணச் செதில்கள் சங்கிலியாக இறங்குகின்றன. வாலடித் தட்டுகளில் பிளவு இல்லை.

இது கட்டுவிரியனின் சட்டை. 'அப்படியானால் சுவரில் ஏறியது?' என்று கேட்கிறார். அது வெள்ளிக்கோல் வரையன்தான்; அந்தத் தீர்ப்பு மாறவில்லை. ஒரே மனைக்கட்டில் இரண்டும் இருக்கின்றன. பக்கத்து வீட்டுக்காரரும் மைத்துனரும் ஆளுக்குப் பாதி சரி என்று சமாதானம் செய்துகொள்ளலாம்.

8 டிசம்பர், இரவு 9.20

என்ன செய்வது என்றால்: மீதி விறகைப் பகலில், மூடிய காலணி போட்டுக்கொண்டு, கொக்கி வைத்த நீண்ட கழியால் இழுத்துப் பிரியுங்கள். பாம்பு தென்பட்டால் விலகிவிட்டுத் தீயணைப்பு நிலையத்தையோ வனத்துறையையோ அழையுங்கள். விறகைத் திரும்ப அடுக்குவதானால் சுவரை விட்டுத் தள்ளி, கற்களின்மேல் பலகை போட்டு, அடியில் வெளிச்சம் தெரியும்படி உயர்த்தி அடுக்குங்கள். பூண்டு, பெருங்காய நீர், பினாயில், கந்தகம் ஆகியவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம்; பெருங்காயம் கரைத்த வாசலைத் தாண்டிப் பாம்பு வந்ததை நானே பார்த்திருக்கிறேன். கொசுவலைக்கு மட்டும் சான்று உண்டு: தென்கிழக்கு நேபாளத்தில் நடந்த ஆய்வில், வலைக்குள் தூங்கியவர்களுக்குப் பாம்புக்கடி குறைவாக இருந்தது தெரியவந்தது. வேலியோரம் நைலான் வலை கட்டாதீர்கள். அதில் சிக்கி இறப்பவை பெரும்பாலும் சாரைகள். எலியைக் குறைத்துக்கொண்டிருந்தவை அவைதான்.

குளியலறைச் சாக்கடைக் குழிக்குத் துருப்பிடிக்காத கம்பிவலை போடுங்கள். கடையில் கொடுக்கும் அரை அங்குலக் கண் வலை போதாது; ஓநாய்ப் பாம்புக் குட்டி அதில் தாராளமாக நுழையும். கால் அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ளதாகக் கேட்டு வாங்கி, விளிம்பில் சிமென்ட் பூசிவிடுங்கள். அதில் தலைமுடியும் சோப்பும் அடைக்கும். வாரம் ஒரு முறை கழுவ வேண்டியிருக்கும்.